சபைக்குத் தலை யார்? மலையக வாசகருக்கு ஓர் எளிய விளக்கம்

மலையகத்தில் வேதக்காரர் வீட்டை அடையாளம் காண்பது எளிது. வாசற்கதவுக்கு மேலேயோ தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலேயோ ஒரு சட்டம் தொங்கும்: "கிறிஸ்துவே இவ்வீட்டின் தலைவர்." பொகவந்தலாவை லயத்து அறையிலும் அதே வாசகம்தான், ஹட்டன் நகரத்து மாடிவீட்டிலும் அதே வாசகம்தான். கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே சபையினர் என்ற பேதமெல்லாம் அந்தச் சட்டத்துக்குத் தெரியாது. ஆனால் அந்த வாசகத்தை வேதாகமத்தில் தேடிப் பாருங்கள், அகப்படாது. புதிய ஏற்பாடு கிறிஸ்துவைத் தலை என்று அழைக்கும்போது முதன்மையாகப் பேசுவது சபையைப் பற்றி. "அவரே சபையாகிய சரீரத்துக்குத் தலையானவர்" என்கிறது கொலோசெயர் 1:18.

இதற்கு என்ன பொருள் என்று, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போய்வரும் ஒருவரைக் கேட்டால், "அவர் பெரியவர், நாம் கீழ்ப்படிய வேண்டும்" என்பார். பிழையில்லை, ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை விட்டுவிட்டால் கிறிஸ்து ஒரு பெரிய துரையாகிவிடுவார். மற்ற இடங்களைவிட மலையகத்தில் அந்த ஆபத்து அதிகம். தலைமை என்றதும் நம் மனத்தில் எழும் உருவத்தை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகத் தோட்டம்தான் செதுக்கி வைத்திருக்கிறது.

வசனங்கள் இருக்கும் இடம்

இந்தப் போதனை வேதாகமம் முழுவதும் பரவிக் கிடக்கவில்லை. எபேசியர், கொலோசெயர் என்ற இரண்டு சிறு நிருபங்களில், அதாவது கடிதங்களில்தான் அது அடர்ந்திருக்கிறது. (இக்கட்டுரையில் வசனங்களைப் பழைய தமிழ் வேதாகமத்தின் நடையிலேயே தருகிறேன். திருவிவிலியம் வாசிப்பவர்கள் சரீரம் என்ற இடத்தில் உடல் என்றும், சபை என்ற இடத்தில் திருச்சபை என்றும் பார்ப்பார்கள்.) எபேசு, கொலோசெ இரண்டும் இன்றைய துருக்கியில் இருந்த ஊர்கள். இரண்டு நிருபங்களும் சிறையிலிருந்து பேசுகின்றன. தாம் கட்டப்பட்டிருப்பதை நினைத்துக்கொள்ளும்படி கேட்டுத்தான் கொலோசெயர் முடிகிறது. பவுலே எழுதினாரா, அவருக்குப் பின் அவருடைய சீடர் ஒருவர் எழுதினாரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நம் கேள்விக்கு அந்த வழக்குத் தேவையில்லை. எழுதியவர் சொல்லும் தலைமை, விலங்கிட்ட கையின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

புதிதாக வாசிப்பவர்கள் ஒரு வேறுபாட்டைத் தவறவிடுவதுண்டு. சபை ஒரு சரீரம் என்ற எண்ணம் இந்த இரண்டு நிருபங்களுக்கும் முந்தியது. 1 கொரிந்தியர் 12இல் பவுல் அதை விரிவாகச் சொல்கிறார். ரோமர் 12இல் சுருக்கமாகச் சொல்கிறார். ஆனால் அங்கே தலை என்பது கிறிஸ்து அல்ல. கண், காது, கை, கால் போல அதுவும் ஓர் உறுப்புத்தான். "தலையானது கால்களை நோக்கி: நீங்கள் எனக்கு வேண்டுவதில்லையென்று சொல்லவுங்கூடாது" என்று 12:21 சொல்கிறது. கொரிந்து சபையில் இருந்த நோய் போட்டி. நான் பெரியவனா நீ பெரியவனா, என் வரம் உயர்ந்ததா உன் வரம் உயர்ந்ததா என்ற சண்டை. அதற்குத் தக்க மருந்தைப் பவுல் கொடுக்கிறார்: தலையாக இருப்பவனுக்கும் காலின் தயவு வேண்டும்.

கொலோசெயில் நோய் வேறு. அங்கே மக்கள் பயந்துபோயிருந்தார்கள். கிறிஸ்து மட்டும் போதுமா? தேவதூதர்களையும் வணங்க வேண்டுமா? எதை உண்ணலாம், எந்த நாளை அனுசரிக்க வேண்டும்? "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்ற கட்டளைகள் ஒரு பக்கம், நான் தரிசனம் கண்டேன் என்று மிரட்டுகிறவர்கள் மறுபக்கம். வானத்துக்கும் தங்களுக்கும் நடுவே பல அடுக்கு அதிகாரங்கள் இருப்பதாகவும், ஒவ்வோர் அடுக்கையும் திருப்திப்படுத்தினால்தான் மேலே போக முடியும் என்றும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்த அச்சத்துக்குத்தான் நிருபம் பதில் சொல்கிறது: "சகல துரைத்தனங்களுக்கும் அதிகாரத்துக்கும் தலைவராயிருக்கிற அவருக்குள் நீங்கள் பரிபூரணமுள்ளவர்களாயிருக்கிறீர்கள்" (2:10). நடுவில் ஓர் அடுக்கும் இல்லை.

ஏணியும் உடலும்

தோட்டத்தில் 'மேலே' என்ற சொல்லுக்கு ஒரு வரிசை இருந்தது. உச்சியில் இலண்டனில் ஒரு கம்பெனி. அதன் பங்குதாரர்களில் பலர் தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. அதற்குக் கீழே கொழும்பில் ஏஜென்சி. பிறகு பெரிய துரை, சின்ன துரை, கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி. கடைசியில் கூடையுடன் மலை ஏறுகிறவள். கட்டளை மேலிருந்து கீழே இறங்கும். கொழுந்தும் இலாபமும் கீழிருந்து மேலே ஏறும். அட்டைக்கடியும் காய்ச்சலும் மட்டும் ஏறாது. அவை இருந்த இடத்திலேயே இருக்கும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பெனிகளிடம் போயிற்று. ஏணியின் சில படிகளுக்குப் பெயர் மாறியது, ஏணி மாறவில்லை.

இந்த ஏணியை அப்படியே ஆலயத்துக்குள் தூக்கிக்கொண்டு வருகிறோம். உச்சியில் கிறிஸ்து, அடுத்த படியில் பேராயர், பிறகு குருவானவர் அல்லது பாஸ்டர், பிறகு கமிட்டி, பிறகு காணிக்கைக் கணக்குப் பார்க்கிறவர், கடைசியில் பின்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கும் கொழுந்து பறிக்கும் அம்மா. தலைமை என்றால் இதுதான் என்று நினைத்துவிட்டால், அந்த அம்மாவுக்கும் கிறிஸ்துவுக்கும் நடுவே ஐந்தாறு பேர் நிற்கிறார்கள்.

நிருபம் தரும் படம் ஏணி அன்று, உடல். தலைக்கும் உடலுக்கும் நடுவே வெற்றிடம் இல்லை; இருந்தால் அது பிணம். உடலின் பகுதிகளை இணைப்பவற்றை எபேசியர் 4:16 'கணுக்கள்' என்கிறது. அதற்குச் சில வசனங்கள் முன்னால் அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், மேய்ப்பர், போதகர் என்று ஒரு வரிசை வருகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் என் கணக்கில் போதகர் என்பவர் ஒரு கணு. முழங்காலோ மணிக்கட்டோ போல. முழங்கால் இல்லாமல் நடக்க முடியாது என்பது உண்மைதான். அதற்காக முழங்காலைத் தலை என்று யாரும் கூப்பிடுவதில்லை.

தலைக்கும் உடலுக்கும் உள்ள நெருக்கத்தைச் சொல்ல வேறு நூல் தேடவேண்டியதில்லை. அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரம் போதும். தமஸ்குவுக்குப் போகும் வழியில், பின்னாளில் பவுல் என்று அறியப்பட்ட சவுல் விழுகிறான், குரல் கேட்கிறது: "சவுலே, சவுலே, நீ என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய்?" சவுல் இயேசுவைத் தொட்டதே இல்லை. அவன் பிடித்ததும் அடைத்ததும் எருசலேமின் சாதாரண விசுவாசிகளை. ஆனாலும் 'அவர்களை' என்று குரல் கேட்கவில்லை, 'என்னை' என்றது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆபிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த அகுஸ்தீன் இதைப் பலமுறை பிரசங்கித்தார். கூட்டத்தில் உன் காலை யாராவது மிதித்தால் கத்துவது நாக்குத்தான், 'என்னை மிதிக்கிறாய்' என்று அது சொல்கிறது, நாக்கை யாரும் மிதிக்கவில்லையே என்று கேட்டார் அவர். எந்தத் தோட்டத்து ஏணியிலும் இப்படி நடக்காது. ஒரு லயத்தில் காய்ச்சல் வந்தால் இலண்டனில் யாருக்கும் உடம்பு சுடவில்லை.

துண்டும் கையெழுத்தும்

கொலோசெயர் இரண்டாம் அதிகாரத்தில், பத்தாம் வசனத்தில் கிறிஸ்து தலைவராகிறார். பத்தொன்பதாம் வசனத்தில் அந்தத் தலையைப் பற்றிக்கொள்ளாதவர்களுக்கு எச்சரிக்கை. நடுவே பதினான்காம் வசனம் ஒரு கடன் பத்திரத்தைப் பற்றிப் பேசுகிறது. இந்த இடத்தை மலையகத்தவர் வாசிப்பதுபோல் வேறு யாரும் வாசிக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

கங்காணி முறையின் உயிர்நாடி கடன். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கிளம்பும்போதே பயணச் செலவு முன்பணமாகத் தலையில் ஏறும். அரிசி, கம்பளி, கல்யாணம், சாவு என்று அது வளரும். கங்காணிக்கோ வேலைக்கு இறங்கிய ஆள் ஒவ்வொருவர் பேரிலும் தனியாகக் காசு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரையிடமிருந்து 'துண்டு' வாங்க வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டும். ஆள் மாறுவான், கடன் அவன்கூடவே மாறும். 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை நிறுத்தும்வரை ஒரு மனிதனின் விலை ஒரு காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது.

இப்போது வசனத்தை வாசியுங்கள். கிறிஸ்து "நமக்கு எதிரிடையாகவும் கட்டளைகளால் நமக்கு விரோதமாகவும் இருந்த கையெழுத்தைக் குலைத்து, அதை நடுவிலிராதபடிக்கு எடுத்து, சிலுவையின்மேல் ஆணியடித்து" விட்டார். இங்கே கையெழுத்து என்பது கடனாளி தன் கைப்பட எழுதிக்கொடுத்த பத்திரம். அடுத்த வசனத்தில் அவர் துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் உரிந்துகொண்டு, எல்லார் முன்பாகவும் அவற்றை வெட்கப்படுத்துகிறார்.

ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். புதிய தோட்டத்துத் துரை பழைய கடனைக் கட்டி ஆளை வாங்கிக்கொண்டதுபோல் கிறிஸ்துவும் கட்டினார் என்று சிலர் பிரசங்கிப்பதுண்டு. வசனம் அதைச் சொல்லவில்லை. பத்திரம் கைமாறவில்லை, புது முதலாளியின் பெட்டிக்குள் போகவில்லை. அழிக்கப்பட்டது. தலைவர் தம் உடலிடமிருந்து வசூலிப்பவர் என்றால் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பார். எபேசியர் 5:29 இந்தத் தலையின் தொழிலைச் சொல்லும்போது, ஒருவன் தன் மாம்சத்தைப் போஷித்துக் காப்பாற்றுவதுபோல் கர்த்தர் சபையைப் போஷிக்கிறார் என்கிறது.

அதிகாரம் எங்கே போயிற்று?

இதுவரை சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, அப்படியானால் கிறிஸ்துவின் தலைமை என்பது அன்பும் அரவணைப்பும்தான், கட்டளை எதுவும் இல்லை என்று யாராவது நினைத்தால் அதுவும் சரியாகாது. எபேசியர் 1:22 எல்லாவற்றையும் அவருடைய பாதங்களுக்குக் கீழ்ப்படுத்துகிறது. அந்த வரிக்குப் பின்னால் 8ஆம் சங்கீதமும் 110ஆம் சங்கீதமும் நிற்கின்றன. இரண்டும் அரசாட்சியைப் பற்றிய பாடல்கள். உயிர்த்தெழுந்த இயேசு, வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் தமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிறார் (மத்தேயு 28:18). ஆகவே அவர் சொன்னதைச் சபை செய்யவேண்டும். அவர் சொல்லாததைச் சபையின்மேல் சுமத்த யாருக்கும் உரிமையில்லை. பின்னதைத்தான் நாம் அதிகமாக மறக்கிறோம்.

எபேசியரின் முதல் அதிகாரத்தில் வாக்கியம் போகும் விதத்தைப் பாருங்கள். அவர் எல்லாவற்றுக்கும் மேலான தலை; அப்படிப்பட்டவரைத் தேவன் சபைக்குத் தந்தருளினார். வானத்து அதிகாரங்களுக்கும் அவர் தலைதான். ஆனால் அவற்றை அவருடைய சரீரம் என்று நிருபம் எங்கும் சொல்லவில்லை. அந்த உறவு சபைக்கு மட்டும்.

இந்த இயேசு யார் என்ற கேள்வியும் இங்கே வந்துவிடும். கொலோசெயர் 1:15 முதல் 20 வரை அவர் அதரிசனமான தேவனுடைய தற்சுரூபம், சகலமும் அவராலும் அவருக்கென்றும் படைக்கப்பட்டது என்று சொல்லிவிட்டுத்தான் நடுவில் சபைக்குத் தலை என்கிறது. 'மரித்தோரிலிருந்து எழுந்த முதற்பேறு' என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது. இறந்துபோன நிறுவனரின் படத்துக்கு மாலை போடுவது போன்ற தலைமை இதுவல்ல, உயிரோடிருப்பவரின் தலைமை. 1 கொரிந்தியர் 11:3 கிறிஸ்துவுக்குத் தேவன் தலை என்றும் சொல்கிறது. அதனால் அவர் பிதாவுக்குக் குறைந்தவரா என்று கேட்டவர்கள் இருந்தார்கள்; 325இல் நிக்கேயா சங்கம் குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று முடிவு சொன்னது. தோட்டத்து மொழியில் சொல்வதானால், தலைவர் என்றதும் நமக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் துரை, அதிகாரம் உண்டு, ஆனால் நம்மில் ஒருவர் அல்ல. மற்றவர் தொழிற்சங்கத் தலைவர். நம் லயத்து ஆள், ஆனால் துரையின் ஆபிஸ் வாசலில் நிற்கவேண்டியவர். கிறிஸ்தவ விசுவாசம் சொல்வது, முன்னவரின் அதிகாரமும் பின்னவரின் இரத்தமும் சதையும் ஒரே ஆளில் குறைவின்றி இருக்கின்றன என்பது.

அந்த அதிகாரம் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் எபேசியர் சொல்லிவிடுகிறது: எல்லாவற்றையும் கிறிஸ்துவுக்குள் கூட்டிச்சேர்க்க (1:10). முதலில் கூட்டிச்சேர்க்கப்படுகிறவர்கள் யூதரும், யூதரல்லாத புறஜாதியாரும். நடுவில் நின்ற சுவர் தகர்கிறது, இரண்டு இனமும் ஒரே சரீரமாகின்றன. "அந்நியரும் பரதேசிகளுமாயிராமல்" ஒரே நகரத்தாராகிறார்கள் என்கிறது 2:19. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003வரை அந்தப் பிரச்சினையின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சமூகத்துக்கு இந்த வசனத்தை விளக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரே தலையின் கீழ் இருப்பதாகச் சொல்லும் நம் சபைகளில் சாதி பார்த்துப் பெண் கொடுப்பது இன்னும் ஏன் நிற்கவில்லை?

அப்படியானால் போதகர் யார்?

சபை வரலாற்றில் மிகப் பெரிய சண்டைகள் சில இந்தக் கேள்வியின்மேல் நடந்தவை. 1534இல் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி தன்னை இங்கிலாந்துத் திருச்சபையின் உச்சத் தலைவர் என்று நாடாளுமன்றச் சட்டத்தால் அறிவித்துக்கொண்டார். அந்தப் பட்டம் கிறிஸ்துவுக்கே உரியது என்று பலர் முணுமுணுத்தார்கள். அவருடைய மகள் முதலாம் எலிசபெத் 1559இல் அதை 'உச்ச ஆளுநர்' என்று மாற்றிக்கொண்டார். அதிகாரம் ஏறக்குறைய அதேதான். ஆனால் அந்த ஒரு பட்டத்தை மட்டும் மனிதர் சூடக் கூசினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஸ்கொட்லாந்துக் கதை. அங்கே ஒரு கிராமத்துக்கு எந்தப் போதகர் வரவேண்டும் என்று முன்மொழியும் உரிமை 1712ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலப்பிரபுவிடம் இருந்தது. சபையார் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாலும் நீதிமன்றம் நிலப்பிரபுவின் பக்கம் தீர்ப்பளித்தது. 1843 மே 18ஆம் திகதி எடின்பரோவில் கூடிய ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவையிலிருந்து போதகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். சபைக்குக் கிறிஸ்து ஒருவரே தலை, நிலச் சொந்தக்காரன் அல்ல என்பது அவர்கள் வாதம். நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் விட்டு வந்தார்கள். புதிய ஆலயம் கட்டப் பல நிலப்பிரபுக்கள் இடம் கொடுக்கவில்லை. ஸ்ட்ரொன்ஷியன் என்ற ஊரில் தரையில் இடம் கிடைக்காததால் 1846இல் தண்ணீரில் மிதக்கும் ஆலயம் ஒன்றைக் கட்டிக் கரைக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி ஆராதித்தார்கள்.

அதே ஸ்கொட்லாந்திலிருந்துதான் மலையகத்துத் துரைமாரில் பலர் வந்தார்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டு இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். அவர் இலங்கைக்கு வந்தது 1852இல், அந்தப் பிளவு நடந்து பத்து ஆண்டுகூட ஆகுமுன். டிக்கோயாவில் 1878ஆம் ஆண்டைச் சேர்ந்த வார்லி ஆலயத்துக்குப் போனால் துரைமாரின் கல்லறைகளைப் பார்க்கலாம். தொழிலாளருக்கென 1854இல் தொடங்கிய மிஷனுக்குப் பெயரே தமிழ்க் கூலி மிஷன். துரைமாரின் சந்தாப் பணம் அதைத் தாங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். அவர்கள் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எழுத்து சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஆலயம் நிற்கும் நிலம் துரையுடையது, உபதேசியாரின் சம்பளத்தில் துரையின் காசு இருக்கிறது என்றால், துரைக்குப் பிடிக்காத பிரசங்கத்தை அவர் எப்படிச் செய்வார்? நிலச் சொந்தக்காரன் சபைக்குத் தலையல்ல என்று ஸ்கொட்லாந்தில் வீட்டையே விட்டு வெளியேறிய கொள்கை, கப்பலில் ஏறி இங்கே வந்து சேரவில்லை.

1934இல் ஜெர்மனியின் பார்மென் நகரில் கூடிய புரொட்டஸ்தாந்துச் சபையார், ஹிட்லரின் ஆட்சிக்கு இசைந்துபோன சபைத் தலைமையை எதிர்த்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதன் மூன்றாம் கூற்று எபேசியர் 4:15, 16 வசனங்களோடு தொடங்குகிறது. நான்காம் கூற்று, சபையில் உள்ள பலவகைப் பொறுப்புகள் சிலர் மற்றவரை ஆள்வதற்காக ஏற்பட்டவை அல்ல என்கிறது. 'புறஜாதியாரை அவர்களுடைய அதிகாரிகள் ஆளுகிறார்கள், உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது' என்ற இயேசுவின் சொல்தான் அதற்கு அடிப்படை.

கத்தோலிக்கர் பாப்பரசரைத் தலைவர் என்கிறார்களே என்று புரொட்டஸ்தாந்து நண்பர்கள் உடனே கேட்பார்கள். கத்தோலிக்கப் போதனையின்படியும் திருச்சபையின் தலை கிறிஸ்துதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு ஏடு அதைத் தெளிவாகவே சொல்கிறது. பாப்பரசர் அவருடைய பிரதிநிதி, காணக்கூடிய தலைவர். அப்படி ஒரு காணக்கூடிய தலைவர் வேண்டுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் பாப்பரசர் வேண்டாம் என்று பிரிந்து வந்தவர்களின் சின்னஞ்சிறு சபைகளில் ஆளுக்கொரு பாப்பரசர் உட்கார்ந்திருப்பதை என்னவென்று சொல்வது? பலகையில் போதகரின் படம் கிறிஸ்துவின் பெயரைவிடப் பெரிதாக இருக்கிறது. 'என் சபை', 'என் ஜனங்கள்' என்று அவர் பேசுகிறார். மத்தேயு 16:18இல் 'என் சபை' என்று சொன்னவர் வேறொருவர். கணக்குக் கேட்டவர்கள் கலகக்காரர் ஆகிறார்கள்.

இதுவும் புதிதல்ல. யோவானின் மூன்றாம் நிருபம் ஒரே ஒரு பக்கம்தான். அதில் தியோத்திரேப்பு என்று ஒருவன் வருகிறான். முதன்மையாயிருக்க விரும்புகிறவன். யோவானின் கடிதத்தை ஏற்கமாட்டான், வந்த சகோதரரைச் சேர்க்கமாட்டான், சேர்க்க மனதுள்ளவர்களைச் சபைக்குப் புறம்பே தள்ளுவான். அவனுடைய உபதேசம் தவறு என்று நிருபம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. குற்றம் அந்த முதன்மை ஆசைதான். அந்த இடம் ஏற்கெனவே ஒருவருக்கு உரியது. மூப்பர்களுக்குப் பேதுரு எழுதும்போது, மந்தையை இறுமாப்பாய் ஆளாமல் மாதிரிகளாக இருங்கள், பிரதான மேய்ப்பர் வெளிப்படுவார் என்கிறார் (1 பேதுரு 5). போதகருக்கு மரியாதை கொடுக்கக்கூடாது என்று இதற்குப் பொருளில்லை. அவரிடம் கேள்வி கேட்கலாம், கணக்குக் கேட்கலாம், அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்பதை அவருக்கே நினைவூட்டலாம் என்றுதான் பொருள்.

வீட்டில் தொங்கும் அந்தச் சட்டத்துக்கு வருவோம். எபேசியர் 5:23, கிறிஸ்து சபைக்குத் தலையாயிருப்பதுபோல் புருஷன் மனைவிக்குத் தலை என்கிறது. மலையகத்தில் பல ஆண்களுக்கு முழு வேதாகமத்திலும் மனப்பாடமாகத் தெரிந்த வசனம் இது ஒன்றுதான். மலையேறிக் கொழுந்து பறித்தவளின் சம்பளத்தை ஆண் கைநீட்டி வாங்கிய வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. அந்தக் காசு சாராயக் கடைக்குப் போனபோதும் 'நான்தான் தலை' என்ற பேச்சு மட்டும் குறையவில்லை. ஆனால் இரண்டு வசனம் முன்னால், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்று இருக்கிறது. இரண்டு வசனம் பின்னால், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் புருஷன் அன்புகூரவேண்டும் என்று இருக்கிறது. மனைவிக்குச் சொன்னது சில வரி, கணவனுக்குச் சொன்னது அதைவிட மிக நீளம். இந்த உவமையில் தலைக்கு அளவுகோல் சிலுவை. கையை ஓங்குகிறவன் இந்த வசனத்தை எடுத்துப் பேசுவது திருட்டு.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்குக் கொலோசெயரைச் சொல்வேன். நான்கே அதிகாரம், ஒரே மூச்சில் சத்தமாக வாசித்துவிடலாம். அதன் முடிவில் 4:16இல், இந்த நிருபத்தைப் பக்கத்து ஊரான லவோதிக்கேயாவின் சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று ஒரு குறிப்பு வருகிறது. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெளிப்படுத்தல் 3ஆம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். அங்கே அதே லவோதிக்கேயா, தனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. 'இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்' என்ற வசனம் அந்தச் சபைக்கு எழுதப்பட்டது. சுவிசேஷக் கூட்டங்களில் விசுவாசியாதவர்களை அழைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் வெளியே நிற்பவர் சபையின் தலை, உள்ளே இருப்பவர்கள் ஆராதனை நடத்திக்கொண்டிருக்கும் சபையார். இதற்குப் பிறகு எபேசியரை எடுத்து, ஐந்தாம் அதிகாரத்துக்குத் தாவாமல் முதல் நான்கையும் வரிசையாக வாசியுங்கள். வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து வாசிப்பதானால், ஐந்தாம் அதிகாரத்தின் 25ஆம் வசனத்தைக் கணவனே சத்தமாக வாசிக்கட்டும்.